பூஜை தாங்காத சவ்வு

விஜயதசமிக்கு மறுநாள் காலையில், பாலக்கரை மேம்பாலத்தின் மேட்டில், வீரமலையின் புத்தம்புது ஷேர் ஆட்டோ நின்றுபோனது. உறுமவில்லை, புகையவில்லை, ஒரு விக்கல்கூட இல்லை. சும்மா நின்றது. அவன் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த பஸ் பிரேக் பிடிப்பதற்குள் இடித்துவிட்டது. பயணிகள் சிராய்ப்போடு தப்பினார்கள். வீரமலைக்கு வலது கால் முறிந்தது.

மத்தியானத்துக்குள் திருச்சியில் பாதி ஆட்டோக்கள் படுத்துவிட்டன. காந்தி மார்க்கெட் வாசலில் கொஞ்சம், தென்னூரில் கொஞ்சம், சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு நீள வரிசை. நெற்றியில் பட்டை, கழுத்தில் வாடிய சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் கட்டிய வாழைக்கன்று என்று கல்யாணக் களை மாறாமல் நின்ற அந்த வண்டிகள் எல்லாவற்றின் வயிற்றிலும் ஒரே சரக்குதான் இருந்தது. வாழைச் சவ்வு.

டீசல் ஒழிந்து, பெட்ரோல் ஒழிந்து, பேட்டரிக்கான உலோகமும் கிடைக்காமல் போன காலம் அது. ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயு போகும், இன்னொரு பக்கம் வெளிக்காற்று போகும். நடுவில் அப்பளத்தைவிட மெல்லிய ஒரு சவ்வு. அது ஹைட்ரஜனை முழுசாக விடாது. அதன் கருவை மட்டும் குறுக்கே போக விட்டு, மிச்சத்தைக் கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு வரச் சொல்லும். அப்படிச் சுற்றி வருவதுதான் மின்சாரம். வால்பக்கம் புகைக்குப் பதில் தண்ணீர் சொட்டும். சங்கதி இவ்வளவுதான். அந்தச் சவ்வை எதில் செய்வது என்பதில்தான் ஊர்ப்பட்ட சண்டை.

திருச்சி ஆட்டோக்களுக்கு இன்னும் வராவிட்டாலும், உலகம் பூராவும் வெள்ளைச் சவ்வு என்று ஒன்று ஓடியது. ஆயிரம் வருஷம் ஆனாலும் மக்காத பிளாஸ்டிக். பெலிசிட்டா அந்தச் சவ்வு செய்யும் ஆலையில் ஆறு வருஷம் வேதியியலாளராக இருந்தவள். ஆலைக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் ஒரு தவளைச் சத்தம்கூடக் கேட்டதில்லை. ஒருநாள் வாய்க்கால் தண்ணீரைத் தன் செலவில் பரிசோதித்துப் பார்த்தாள். மறுமாதம் ராஜினாமா கொடுத்துவிட்டு மேலப்புதூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நல்ல வேலையை விட்டவள் என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

தொட்டியத்தில் தார் வெட்டிய பிறகு அழுகக் கிடக்கும் வாழை மரங்களைப் பார்த்ததும் அவளுக்கு யோசனை வந்தது. பட்டையிலிருந்து நாரை எடுத்து, கூழாக்கி, அமிலமேற்றி, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால், தேநீர் நிறத்தில் ஒரு சவ்வு உரிந்து வந்தது. ஆட்டோ ஓட்டுநர் சங்கம் அரியமங்கலத்தில் ஒரு பழைய அச்சகக் கொட்டகையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தது. பெட்டியை நான்கு திருகாணியில் திறக்கலாம். சவ்வு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. பழசு குப்பைக்குழியில் மண்ணாகிவிடும். பத்து மாதமாகச் சங்கத்து வண்டிகள் அதில்தான் ஓடின, இந்தக் காலை வரைக்கும்.

பெலிசிட்டா சத்திரத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஆட்டோ வரிசைக்கு முன்னால் சங்கச் செயலாளர் சங்கிலிமுத்து நின்றிருந்தார். கோபத்தையும் மரியாதையையும் சேர்த்து வைத்துக்கொள்ளத் தெரியாமல் அவர் முகம் தவித்தது.

“வாங்க மேடம். உங்க பிள்ளைங்க எல்லாம் வரிசையாப் படுத்துருக்கு, பாருங்க.”

அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். தேநீர் நிறத்தில் இருக்க வேண்டிய சவ்வு வெளிறித் திட்டுத்திட்டாகக் கிடந்தது. விரலால் காற்றுக் குழாயின் உள்பக்கத்தைத் துடைத்தாள். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியது. முகர்ந்தாள். சாம்பிராணி வாசனை.

“அண்ணே, பூஜையன்னைக்கு என்ன பண்ணீங்க? மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

“என்ன பண்ணுவோம், வழக்கம்போலதான். காலையில வண்டியக் கழுவுனோம். கழட்ட வேண்டியதெல்லாம் கழட்டி, சோப்பு போட்டு...”

“மூக்கு வலையக் கழட்டுனீங்களா?” காற்று உள்ளே போகும் இடத்தில் தூசி போகாமல் இருக்க ஒரு வலை உண்டு. அதைத்தான் கேட்டாள்.

“அதத்தான் மொதல்ல கழட்டுனோம். பத்து மாச அழுக்குல்ல அதுல! அலசி வெயில்ல காய வெச்சோம். சாமிக்கு முன்னாடி அழுக்கோட நிறுத்த முடியுமா?”

“அப்புறம்?”

“வண்டிய ஸ்டார்ட் பண்ணி, பட்ட போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, சாம்பிராணி காட்டி, பூசணிக்கா சுத்தி ஒடச்சி...”

“வலை இல்லாமலே ஸ்டார்ட் பண்ணீங்களா?”

“பின்ன? செத்த வண்டிக்கா பூஜ போடுவாங்க?”

பெலிசிட்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எத்தனை சோதனை செய்திருப்பாள்! வெயில், மழை, குண்டு குழி, காவிரிப் பாலத்து நெரிசல், எல்லாவற்றையும் கணக்கில் வைத்தாள். பிறந்து வளர்ந்த ஊரில் வருஷம் தவறாமல் நடக்கும் ஒரு பண்டிகையை மட்டும் விட்டுவிட்டாள்.

“சவ்வுக்குள்ள வரிசையா சீட்டு இருக்குன்னு வெச்சுக்கங்கண்ணே. ஹைட்ரஜன் கரு ஒவ்வொரு சீட்டா உக்காந்து எழுந்து அந்தப் பக்கம் போயிடும். விபூதியில சுண்ணாம்புச் சத்து இருக்கு. அது உள்ள ஏறுச்சுன்னா, ஆளுக்கு ரெண்டு சீட்டப் புடிச்சிக்கிட்டு எறங்கவே எறங்காது.”

“நம்ம வண்டியிலயும் அப்படி ஆளுங்க ஏறுவாங்க” என்றார் சங்கிலிமுத்து. “எப்படி எறக்குறது?”

“புளிப்பு காட்டுனா எறங்கிரும்.”

எலுமிச்சம்பழத்தில் இருக்கும் அமிலம்தான், டப்பாவில் விற்பது. கொட்டகையிலிருந்து கொண்டுவரச் சொல்லி, ஒரு தட்டில் கரைத்து, சவ்வை அரைமணி நேரம் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் அலசி மாட்டினாள். வண்டி உயிர் பெற்றது. வரிசையில் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். நாலு நாளில் எல்லா வண்டியையும் கழுவி எழுப்பிவிட்டார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு கதையே இல்லை. ஐந்தாம் நாள் தர வாரியத்திலிருந்து ஆள் வந்தார். வண்டிகளுக்குள் எந்தச் சவ்வு போகலாம், எது போகக் கூடாது என்று முடிவு செய்யும் வாரியம் அது. விபத்து நடந்த அன்றைக்கே அவள் கொட்டகையிலிருந்து பிரிக்காத உறையில் புதுச் சவ்வுகளை எடுத்துப் போயிருந்தார்கள். அந்தப் புதுச் சவ்வுகளும், துவாக்குடியில் இருக்கும் வாரியத்தின் சோதனைக்கூடத்தில், இரண்டே நாளில் செத்துப்போயினவாம். ரோட்டைப் பார்க்காத சவ்வு, விபூதியைப் பார்க்காத சவ்வு. ‘மூலப்பொருளே அழுகும் தன்மை உடையது’ என்று தலைவர் எழுதிவிட்டார். விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. வாழைச் சவ்வை நீக்கிவிட்டு, வெள்ளைச் சவ்வை மாட்டப் போகிறார்கள்.

பெலிசிட்டாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. விபூதி என்று தான் கண்டுபிடித்தது தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டதோ? உண்மையிலேயே வாழை அழுகத்தான் அழுகுகிறதோ? அப்படியென்றால் வீரமலையின் காலை முறித்தது தன் கைச்சரக்குதான்.

விசாரணைக்குப் போகும் வழியில் மருத்துவமனையில் இறங்கி அவனைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கால் கம்பியில் தொங்கியது. இவளைப் பார்த்ததும் எழ முயன்றான்.

“படு, படு. எப்படி இருக்க?”

“நாந்தான் மேடம் எல்லாத்துக்கும் காரணம்” என்றான். “சங்கிலிண்ணன் சொன்னாரு. மொத வண்டி, மொத பூஜ. நான் கொஞ்சம் தாராளமாவே பூசிட்டேன். பெட்டிக்குள்ள தெரியுற எடமெல்லாம் பூசினேன். நீங்க வேதக்காரவுங்க, உங்களுக்கு இது கிறுக்குத்தனமாத் தெரியும்.”

“எங்களுக்கும் சாம்பல் புதன் இருக்கு வீரமலை. ஃபாதர் நெத்தியில பூசி வுடுவாரு. வண்டிக்குப் பூசறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவன் சிரிக்கவில்லை. “என் பெர்மிட்டப் புடுங்கிருவாங்களா?”

“யாரு சொன்னா?”

“வாரியத்து ஆளு வந்தாரு. வண்டியத் தப்பாப் பயன்படுத்துனேன்னு எழுதுனா, காலு போனதுக்கும் ஒண்ணுங் கெடைக்காது, பெர்மிட்டும் போயிருமாம்.”

அவள் அவன் தலையணையைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள். அவளுடைய பயம் அந்தப் படிக்கட்டில் இறங்கும்போதே கோபமாக மாறிவிட்டது.

துவாக்குடியில் சங்கிலிமுத்துவும் ஓட்டுநர்களும் முன்னாடியே வந்து வாசல் வேப்பமரத்தடியில் கூடியிருந்தார்கள். உள்ளே வாரியத் தலைவர் சந்திரமோகன் இருந்தார். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. வம்பு வேண்டாம் என்பதையே கொள்கையாக வைத்துப் பதவி உயர்வு பெற்றவர்.

“உக்காருங்க மேடம். உங்க முயற்சிய நான் மதிக்கிறேன். ஆனா ஃப்ரெஷ் சாம்பிளே ஃபெயில் ஆயிருக்கே, நான் என்ன பண்ண முடியும்?”

“சோதனை நடந்த எடத்தைப் பாக்கணும் சார்.”

“அது தூசியில்லாத அறை. எல்லாரையும் விடமாட்டோம்.”

“என் சவ்வு செத்த எடம் சார் அது. துக்கம் கேட்கவாவது விடுங்க.”

அவர் வேண்டாவெறுப்பாக எழுந்தார். சோதனைக்கூட வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தலைக்கு உறை, கைக்கு உறை, மேலே ஒரு வெள்ளை அங்கி. இரண்டு கதவு தாண்டி உள்ளே போனால் ஆஸ்பத்திரி மாதிரி சில்லென்று இருந்தது. தனபாக்கியம் என்ற தொழில்நுட்ப உதவியாளர் எழுந்து வணக்கம் சொன்னாள். முப்பது வயதிருக்கும், சுறுசுறுப்பான பெண். அவளுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்குள், சோதனை மேடை நின்றது.

மேடையின் நெற்றியில் மூன்று பட்டை விபூதி. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். வாயு அளக்கும் மானியின் கழுத்தில் காய்ந்த கதம்ப மாலை.

பெலிசிட்டா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்திரமோகனும் பார்த்தார். தினமும் பார்த்ததுதான். இத்தனை நாள் கண்ணில் படாதது அப்போதுதான் பட்டது.

“இது யாரு வெச்சது?” பெலிசிட்டா மெல்லத்தான் கேட்டாள்.

“நாந்தான் மேடம்” என்றாள் தனபாக்கியம் பெருமையாக. “வருசாவருசம் நாந்தான் வெப்பேன். அன்னைக்கு மெஷினை ஒரு சுத்து ஓடவிட்டு, சாம்பிராணி காட்டி, எல்லாருக்கும் பொரி சுண்டல் குடுத்தோம். சாரும் வந்து தீபாராதனை எடுத்துக்கிட்டாரு.”

“காத்து ஃபில்டரு?”

“அதைக் கழட்டிக் கழுவி ஜன்னல்ல காய வெச்சிருந்தேன். பூஜையன்னைக்கு அழுக்கோட...” தனபாக்கியம் பாதியில் நிறுத்தினாள். படித்த பெண். புரிந்துவிட்டது.

பெலிசிட்டா மேடையின் காற்றுக் குழாயைக் கழற்றி விரலை விட்டுத் துடைத்தாள். விரலைத் தலைவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அதே மாவு. அதே வாசனை. தன் சவ்வு அழுகவில்லை என்று தெரிந்ததும் அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை.

அறைக்குத் திரும்பியதும் சந்திரமோகன் கதவைச் சாத்தினார். வாசலிலிருந்து சங்கிலிமுத்துவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். குரல் இப்போது குழைந்திருந்தது.

“பாருங்க மேடம். ஃப்ரெஷ் சாம்பிள் ரிப்போர்ட்டை நான் வாபஸ் வாங்கிடறேன். லேப் விஷயம் நமக்குள்ள இருக்கட்டும். உங்க சவ்வுல குறையில்லைன்னு எழுதறேன். வண்டி நின்னதுக்குக் காரணம் ஓட்டுநர்களோட தவறான பயன்பாடு. இனி யாராவது பெட்டிக்குப் பூஜை போட்டா பெர்மிட் ரத்து. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சுது. உங்க இத்தனை நாள் உழைப்பு பிழைச்சிடும்.”

“வீரமலை?”

“அவரு பயன்படுத்துன விதம் தப்புதானே?”

பெலிசிட்டா வாயைத் திறப்பதற்குள் சங்கிலிமுத்து முந்திக்கொண்டார். “போடுங்க மேடம் கையெழுத்து. நாங்களும் எழுதிக் குடுத்துர்றோம், இனிமே பொட்டிக்குப் பூஜ போடமாட்டோம்னு. வீரமலைய நாங்க பாத்துக்குறோம். உங்க சவ்வு போச்சுன்னா வெள்ளச் சவ்வுதான் வரும். அதுக்கு இது தேவலாம்.”

அவர் மனசார விட்டுக்கொடுத்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“சும்மா இருங்கண்ணே!” சத்தம் வெளியே வேப்பமரம் வரை கேட்டிருக்கும். “நீங்க யாரு விட்டுக்குடுக்க? சார், பனி பெய்யிற ஊர்ல வண்டி செஞ்சா பனியில ஓட்டிப் பாப்பாங்க. பாலைவனத்துல மணல்ல ஓட்டிப் பாப்பாங்க. ஏன் உங்க ஊர்ல பனி பெய்யுது, அது தவறான பயன்பாடுன்னு எவனாச்சும் சொல்லுவானா? இந்த ஊர்ல வருஷத்துக்கு ஒருநாள் பண்டிகை பெய்யும். விபூதி பறக்கும். சாம்பிராணி புகையும். வலையக் கழட்டிக் காயப்போடுவாங்க, ஏன்னா சாமிக்கு முன்னாடி அழுக்கா நிறுத்த மாட்டாங்க. இதெல்லாம் தவறான பயன்பாடு இல்ல. இதுதான் பயன்பாடு.”

“அப்ப தப்பு யாரு மேல?”

“என் சவ்வு மேல.”

சந்திரமோகன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுதுங்க சார். ஓட்டுநர் மேல குத்தம் இல்ல. உங்க லேப் பொண்ணு மேலயும் குத்தம் இல்ல, அவ வேலையில கை வெக்கக் கூடாது. பூஜை வழக்கமான பயன்பாடு. வழக்கமான பயன்பாட்டை என் சவ்வு தாங்கல. வாழைச் சவ்வு தோத்துச்சு. அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன்.”

“மேடம், என்ன பேசறீங்க!” சங்கிலிமுத்து எழுந்துவிட்டார்.

“உக்காருங்கண்ணே. இன்னும் முடியல. இனிமே இந்த வாரியத்துல எந்தச் சவ்வு வந்தாலும் ஆயுத பூஜைச் சோதனை உண்டுன்னு எழுதணும். என்னுது, வெள்ளை, நாளைக்கு யாரு எதைக் கொண்டுவந்தாலும். தாங்குனாத்தான் பாஸ்.”

தலைவர் கணக்குப் போட்டார். அவருடைய சோதனைக்கூடம் தப்பியது. ஓட்டுநர்கள் மறியல் செய்ய மாட்டார்கள். வாழைச் சவ்வு ஒழிந்தது. வெள்ளைச் சவ்வுக்காரர்கள் தங்கள் சரக்கை எதுவும் அசைக்காது என்று மூன்று தடவை வந்து சொல்லியிருந்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் வம்பு தெரியவில்லை.

“சரி. வெள்ளைச் சவ்வு ரெண்டு வாரத்துல பாஸ் ஆயிடும். அதுவரைக்கும் வண்டிங்க?”

“ஒண்ணு பாஸ் ஆகற வரைக்கும் என்னுதே ஓடட்டும். நாங்க மாசம் ஒருதடவை கழுவிக்கறோம். அதையும் எழுதிருங்க.”

“ரெண்டு வாரந்தானே” என்று எழுதினார்.

சோதனையின் விதிமுறையை எழுதத்தான் சாயங்காலம் ஆகிவிட்டது. விபூதி எத்தனை கிராம் என்றார் தலைவர். மூன்று விரலில் எவ்வளவு வருமோ அவ்வளவு என்றார் சங்கிலிமுத்து. யாருடைய விரல் என்று கேட்டார் தலைவர். தனபாக்கியத்தைக் கூப்பிட்டு மூன்று விரலால் எடுக்கவைத்து, தராசில் நிறுத்து, எழுதினார்கள். சாம்பிராணிப் புகை எவ்வளவு நேரம் என்று வந்தபோது, தேங்காய் உடைபடும் வரைக்கும் என்று சங்கிலிமுத்து சொன்னார். தேங்காய் சில சமயம் லேசில் உடையாது என்பதையும் குறிப்பில் சேர்த்தார்கள். வலை கழற்றியிருக்க வேண்டும், பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பூஜைக்குப் பிறகு பன்னிரண்டு நாள் நிற்கக் கூடாது என்று பெலிசிட்டா தன் கையால் எழுதினாள்.

சங்கிலிமுத்துவின் ஆட்டோவிலேயே திரும்பினாள். திருவெறும்பூர் தாண்டியதும் அவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“பெத்த பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டீங்களே மேடம். இது ஞாயமா?”

“அண்ணே, வெள்ளைச் சவ்வுக்குள்ளயும் சீட்டு இருக்கு. அதே மாதிரி சீட்டு. நான் ஆறு வருஷம் அந்தச் சவ்வு செஞ்சவ. சுண்ணாம்புக்கு வெள்ளை, பழுப்புன்னு பேதம் தெரியாது.”

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“அதுவும் நின்னுருமா?”

“நிக்கும்னுதான் நெனைக்கிறேன். என்னுது நின்னா தொறந்து கழுவலாம். அதை ஆலையிலயே ஒட்டி சீல் வெச்சிருப்பாங்க. தொறந்தா செத்துரும்.”

“இத அங்கயே சொல்லிருக்கலாமில்ல?”

“சொன்னா, அதுக்கும் சேத்து உங்களையே திட்டிருப்பாங்க. பூஜை போடறவன் இருக்குற ஊர்ல எதுவும் உருப்படாதுன்னு.”

சங்கிலிமுத்து தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். பாதி வழியில் ஏறிய பயணிகளுக்கு அவர் ஏன் சிரிக்கிறார் என்று புரியவில்லை.

இரண்டு வாரத்தில் வெள்ளைச் சவ்வு சோதனைக்கு வந்தது. தனபாக்கியம் பட்டை போட்டாள், புகை காட்டினாள், தேங்காய் உடைத்தாள். மூன்றாம் நாள் அது நின்றது. ஆலைக்காரர்கள் வேறொன்று கொண்டுவந்தார்கள். அதுவும் நின்றது. விதிமுறையே மூடநம்பிக்கை என்று மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார்கள். சந்திரமோகன் தான் கையெழுத்துப் போட்ட விதிமுறையை மாற்றினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும், காரணம் சொன்னால் சோதனைக்கூடத்துக் கதை வெளியே வரும். ஆகவே அசையவில்லை. தோற்றுப்போன வாழைச் சவ்வு, தேறிய சவ்வு ஒன்றும் இல்லாத காரணத்தால், தினமும் ரோட்டில் ஓடியது. சங்கத்துக்காரர்கள் அமாவாசைக்கு அமாவாசை கழுவுவது என்று வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அரியமங்கலம் கொட்டகையில் புளிப்பு வாசனை தெருமுனை வரை அடிக்கும்.

பெலிசிட்டாவும் சும்மா இருக்கவில்லை. விபூதி தாங்கும் வாழைச் சவ்வுக்காக வருஷம் முழுக்க மல்லுக்கட்டினாள். அவளுடையதும் தேறவில்லை. முன்பு இரண்டு நாளில் செத்தது, இப்போது பதினோரு நாள் தாங்கியது. தேறாததை மறைக்காமல் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாள்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே கொட்டகை வாசலில் வண்டிகள் கழுவி நின்றன. மூக்கு வலைகள் கயிற்றில் வரிசையாகக் காய்ந்தன. வீரமலை லேசாகத் தாங்கித் தாங்கி நடந்து தன் வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான். பெர்மிட்டும் பிழைத்தது, காலுக்கான நஷ்ட ஈடும் வந்தது. ஓடும் பெட்டிக்கு முன்னால் தட்டில் விபூதி குவித்து வைத்திருந்தான்.

அப்போது பெலிசிட்டாவின் போன் அடித்தது. வெள்ளைச் சவ்வு ஆலையின் தலைமைப் பொறியாளர். நல்ல தமிழ், நொந்துபோன குரல்.

“மேடம், உங்ககிட்ட ஒரு உதவி. நாங்க எல்லா வழியும் பாத்துட்டோம். அந்த மூணு விரல் அளவுதான் இடிக்குது. அதை ஒரு விரலா கொறைச்சா எங்களுது தாங்கும். உங்களுதும் தாங்கும். ரெண்டு பேருமே பாஸ் ஆயிடுவோம். விதிமுறை எழுதினவங்க நீங்க, நீங்க சொன்னா வாரியம் கேக்கும்.”

ஒரு விரல் என்றால் தன் சவ்வு இன்றைக்கே தேறிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். வாசலைப் பார்த்தாள்.

“நான் சொல்லி என்ன சார் ஆகப்போவுது? பூசறது நான் இல்லையே. பூசறவர்கிட்டயே கேளுங்க” என்று சொல்லிவிட்டு, போனை வீரமலையிடம் நீட்டினாள். “பெரிய கம்பெனி. விபூதி எவ்வளவு போடணும்னு கேக்கறாங்க.”

வீரமலை போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டான். தட்டிலிருந்த விபூதியை அள்ளினான்.

“எவ்வளவா?” என்றான். “கை நெறய, சார்.”